ஏழடி ராடுக்கு எட்டடிப் பெட்டி

போன வாரம் பட்டறைப் பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒரு பெண், புதுப் படகின் கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்து, தூண்டில் ராடுகள் வைப்பதற்கு இடம் அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிவிட்டு, "நாலு கொக்கி மாட்டினா முடிஞ்சிபோற வேலை சார். இதுக்குப் போய் ரெண்டு தடவை டிராயிங் கேக்கறாங்க" என்று அலுத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவன் பட்டறையில் நின்று கதை சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு ஒரு பலகைகூட அறுபடாது. அதனால் எழுதி அனுப்புகிறேன். சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

படகு மரவேலையில் கரைகண்டவர் என்று என்னை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்கள். கரையைக் கண்டது உண்மைதான். இடுப்பளவு தண்ணீரில், வேட்டியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றபோது கண்டேன். அது என் முதல் படகு வேலை. வேலை என்னவென்றால், தூண்டில் ராடுகள் வைக்க ஒரு பெட்டி.

எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு தச்சுப் பட்டறையில் மேஸ்திரி. கல்பாக்கத்தில் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கதவும் ஜன்னலும் செய்து மாளவில்லை. உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால், வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். சின்ன வயதிலேயே மேஸ்திரி ஆகிவிட்டேன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போதுகூட காதில் பென்சில் இருக்கும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எதற்கெடுத்தாலும் மனையடிக் கணக்குப் பார்ப்பவர். ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டடி பாக்கியம் என்று அளவுகோலில் இருக்கிற ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஜாதகம் வைத்திருந்தார். அந்தக் கணக்கெல்லாம் அறைகளுக்குத்தான், சாமான்களுக்கு இல்லை என்று மற்ற ஆசாரிகள் சொல்வார்கள். அவர் கட்டில், பெஞ்சு, கடைப்பலகை என்று எதையும் விடமாட்டார். ஏழுக்கு மேல் சில அங்குலம் சேர்த்து ஒப்பேற்றவும் முடியாது. எட்டைத் தொடும்வரை எல்லாம் ஏழின் கணக்கில்தான் சேரும் என்பது அவர் கட்சி. யாராவது ஏழடி கேட்டால் சத்தமில்லாமல் ஆறுக்கோ எட்டுக்கோ செய்து கொடுத்துவிடுவோம். ஏன் என்று கேட்டால், மரம் அப்படித்தான் கிடைத்தது என்போம். பட்டறையைவிட்டு அவர் போன பிறகும் நான் அதையே செய்துகொண்டிருந்தேன்.

இப்போது இன்ஜினியர் வருகிறார். கல்பாக்கத்தில் கட்டுமான வேலைக்காக வந்தவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கடலே பார்க்காமல் வளர்ந்ததால்தானோ என்னவோ அவருக்குக் கடல் மேல் அப்படியொரு பைத்தியம். எங்கோ கழித்துப்போட்ட ஒரு சின்ன மோட்டார் படகை வாங்கிப் பழுது பார்த்து, சதுரங்கப்பட்டினத்துக் கால்வாயில் கட்டி வைத்திருந்தார். முன்பக்கம் ஒரு கேபின், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே வலப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பெஞ்சு. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சினர் வெளிநாட்டிலிருந்து சில தூண்டில் ராடுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நடுவில் கழற்ற முடியாத ஃபைபர் ராடுகள், ஒவ்வொன்றும் சரியாக ஏழடி. பிடிக்குப் பக்கத்தில் கனமான ரீல்கள்.

"மேஸ்திரி, இதுக ஆடாம அசையாம படுத்திருக்கோணுமுங்க. இதுக நீளத்துக்கே கூரைக்கு அடியில ஒரு பெட்டி செஞ்சு குடுங்க. அப்புறம் கேபினுக்கு நல்ல கதவு ஒண்ணும் வேணுமுங்க" என்றார்.

அவர் சொன்னதில் முக்கியமானது ஆடாமல் அசையாமல் என்பது. என் காதில் விழுந்தது ஏழடி மட்டும்தான். பட்டறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. ஆசையாக வாங்கிய படகு, நல்ல மனிதர், அவருக்குப் போய் நான் தரித்திரத்தைச் செய்து மாட்டுவதா? காரணத்தைச் சொல்லலாம் என்றால், அணு உலைக்கு அஸ்திவாரம் போடுகிறவரிடம் போய் ஏழடி ஆகாது சார் என்று எப்படிச் சொல்வது? சிரித்துவிடுவார். மேஸ்திரி என்று கூப்பிடுகிற வாயால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார். எனக்கு அது பொறுக்காது. ஆகவே ஒருவரிடமும் சொல்லாமல் எட்டடிக்குச் செய்தேன்.

பெட்டி எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேபினின் இடப்பக்கம், கூரையை ஒட்டி, படகின் நீளவாட்டில் தொங்கியது. பக்கவாட்டில் கீழ்நோக்கித் திறக்கும் மூடி. எட்டடி என்பதால் அதன் பின்முனை கதவுக்கு ஒரு சாண் முன்னால் வந்துதான் நின்றது. உள்ளேயும் பாலிஷ் போட்டேன். யாரும் பார்க்காத இடத்தில் பாலிஷ் போடுவது எனக்கு ஒரு திமிர். விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்குள் ஏழடி ராடுகள் ஓரடி காலி இடத்தோடு படுத்திருந்தன. கதவு தேக்கு. வீட்டுக் கதவைத் தவிர வேறு கதவு அறியாதவன் ஆகையால் அதையும் உள்பக்கமாகத் திறக்கும்படிதான் வைத்தேன். வெளியே ஒரு திருகாணிகூடத் தெரியக்கூடாது என்று கீல்களையெல்லாம் உள்ளே மறைத்தேன். அதைப் பார்க்கக் கால்வாய்க் கரையில் கூட்டம் கூடியது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. மூன்று பேர் வந்தார்கள்.

அதில் ஒருவர் கன்னியப்பன். சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரர், இன்ஜினியரின் படகை ஓட்டுவதற்கு ஒப்புக்கொண்டிருந்தவர். கட்டுமரத்திலேயே வளர்ந்தவருக்கு அந்தக் கேபின் ஒரு கோழிக்கூண்டு. தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கம்பு குட்டையா கீது, பொட்டி நீட்டா கீதே?"

"காத்து போவணும் இல்ல? அதுக்குத்தான்" என்றேன்.

"கம்புக்கு இன்னாத்துக்குக் காத்து?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் போய்விட்டார். சாயங்காலம் இன்ஜினியரும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நீளமா இருக்குதுங்களா?" என்றார். அவருக்கும் காற்றோட்டம் என்றேன். "வென்டிலேஷன்" என்று அவரே அதற்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்துத் தலையாட்டினார். ஓர் இன்ஜினியரே ஒப்புக்கொண்டுவிட்டதால், உண்மையிலேயே காற்றோட்டத்துக்குத்தான் விட்டேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மழைக்காலத்து வெள்ளத்தில் பாலாற்று முகத்துவாரம் நன்றாகத் திறந்திருந்தது. என்னையும் வரச்சொன்னார்கள். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், காதில் பென்சில் சகிதமாகப் போய் ஏறினேன். நாங்கள் மூன்று பேர்தான். கால்வாய் வழியாகப் போய் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியதும் படகு ஏறி இறங்க ஆரம்பித்தது. கூடவே கேபினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். டக் என்று ஒன்று, சற்றுப் பொறுத்து டக் என்று இன்னொன்று.

"மேஸ்திரி, உள்ள யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்குதுங்களே" என்றார் இன்ஜினியர்.

"மரம் தண்ணிக்குப் பழகுது சார்" என்றேன். இந்தப் பதிலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சத்தம் என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ராடுகள் ஒவ்வோர் அலைக்கும் முன்னால் ஓடி ஒரு முட்டு, பின்னால் ஓடி ஒரு முட்டு என்று என் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தன. அங்கேயே ஒரு பழைய சாக்கைச் சுருட்டி அந்த ஓரடியில் அடைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மூடியைத் திறந்து சாக்கு அடைத்தால், காற்று எதற்கு விட்டேன் என்ற கேள்வி வரும். மானத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

ராடுகளை எடுத்து இன்ஜினியர் இரண்டு கிழங்கான் மீன் பிடித்தார். அதற்குள் அவருக்குத் தலைசுற்றி வாந்தி கண்டுவிட்டது. ராடுகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கேபின் பெஞ்சில் போய் விழுந்தார். கன்னியப்பன் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

உச்சிப்பொழுது கழிந்து கடல்காற்று ஏறிவிட்டிருந்தது. முகத்துவாரத்து மணல்திட்டின் மேல் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. கன்னியப்பன் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தண்ணி அடிக்கும், கதவ சாத்திக்கோ சார்" என்று உள்ளே குரல் கொடுத்தார். அது சரியான யோசனை. நானே எழுந்து போய்ச் சாத்தினேன். கதவு சத்தமில்லாமல் பொருந்தியதை ஒரு கணம் நின்று ரசிக்கவும் செய்தேன்.

திட்டுக்கு அருகில் ஒரு பெரிய அலை பின்னாலிருந்து படகைத் தூக்கியது. மூக்கு கீழே குத்தியது. அலை கடந்ததும் மூக்கு மேலே எழும்பியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கோத்துப் புரிந்துகொண்டேன். ரீல்களின் கனத்தோடு அத்தனை ராடுகளும் ஓரடி தூரம் ஓடிவந்து மோதியதில், காலையிலிருந்து அடிவாங்கிய பின்பலகை பிய்த்துக்கொண்டது. ராடுகளின் பிடிகள் வெளியே பாய்ந்து கதவில் முட்டி நின்றன. ரீல்கள் உடைந்த பலகையின் சிம்புகளில் சிக்கிக்கொண்டதால் அவற்றைத் திரும்ப உள்ளே தள்ளவும் முடியாது. உள்பக்கமாகத் திறக்க வேண்டிய கதவுக்கு உள்பக்கமே முட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த அலையில் படகு குறுக்காகத் திரும்பி மணலில் உட்கார்ந்து வலப்பக்கம் சாய்ந்தது. இன்ஜின் நின்றது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் அலையும் எங்கள் முதுகில் உடைந்து, படகை நிரப்பி, கதவின் அடி இடுக்கு வழியாகக் கேபினுக்குள் போயிற்று.

"மேஸ்திரி, கதவு வரமாட்டேங்குதுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தள்ளிப் பார்த்தேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. அதன் வழியாக ராடுகளைப் பார்த்தேன். பெட்டி மூடியைத் திறந்து ராடுகளைப் பக்கவாட்டில் எடுங்கள் என்று கத்தினேன். படகு முறுக்கிக்கொண்டதில் மூடி இறுகிவிட்டது என்று உள்ளிருந்து பதில் வந்தது. கன்னியப்பன் கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பெரிய அல தாங்கும். மூணாவதுக்குக் கவுந்துரும். ஆள வெளியில எடு" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒரு மனிதர் உள்ளே மூழ்கப்போகிறார். நான் குனிந்து, கதவின் எந்தப் பலகையை எடுத்தால் பிறகு இணைத்த இடம் தெரியாமல் ஒட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கன்னியப்பனின் கத்தியை வாங்கி, கீல் திருகாணிகளைத் தேடினேன். கழற்றுவதற்காக. வெளியே ஒரு திருகாணியும் இல்லை. நான்தானே மறைத்தேன். பயம் வந்தால் கை தனக்குப் பழகிய வேலையைத்தான் செய்கிறது. என் கைக்குப் பழகியது கழற்றுவதும் பூட்டுவதும். உடைக்க அதற்குத் தெரியவில்லை, அதுவும் தான் செய்ததை உடைக்கத் தெரியவே இல்லை.

"இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினு கீறே. ஒட" என்று கன்னியப்பன் நங்கூரத்தைத் தூக்கி என் கையில் திணித்தார்.

ஓங்கிக் கதவில் அடித்தேன். ஒரு பள்ளம் விழுந்தது. மறுபடி அடித்தேன். இன்னொரு பள்ளம். உள்ளிருந்து இன்ஜினியர், "ராடு பத்திரமுங்க மேஸ்திரி" என்றார். அவருக்கும் பழகிய கவலைதான் முதலில் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு அடி அடித்தேன். நான் வாழ்நாளில் செய்த கதவுகளிலேயே நல்ல கதவு அது, அசையவில்லை. பின்னால் அது முழுசாகக் கரை ஒதுங்கி, வாயலூர்ப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு பெரிய அலை அடித்து ஓய்ந்தது. "கழுத்துக்கு வந்துருச்சுங்க" என்றார் உள்ளிருந்து. இந்த முறை மேஸ்திரி என்று சொல்லவில்லை. இரண்டாவது அலை அடித்தது. அதன் பிறகு உள்ளே குரலே இல்லை.

அந்த அமைதியில்தான் எனக்குப் புத்தி வந்தது. கதவு வழியாகப் போனவரைக் கதவு வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்தக் கேபினில் என் வேலையல்லாத ஒன்று கூரை. பழைய பிளைவுட், ஓரமெல்லாம் உப்பிக்கிடந்தது. அதை மாற்றித் தருகிறேன் என்று நான் கேட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று இன்ஜினியர் தள்ளிப்போட்டிருந்தார். அவர் செய்த புண்ணியம். கூரை மேல் ஏறி, வலப்பக்கம், பெஞ்சுக்கு நேராக நங்கூரத்தால் இடித்தேன். நாலாவது இடியில் அப்பளமாக நொறுங்கியது. ஓட்டைக்குள் கையை விட்டேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியை என்னால் மறக்க முடியாது. கன்னியப்பனும் ஏறிவந்து இன்னொரு கையைப் பிடிக்க, இருவருமாக அவரை வெளியே உருவினோம். கூரையின் ஏதோ ஒரு முனையில் என் வேட்டி மாட்டிக்கொண்டது. நான் இறங்கினேன், அது இறங்கவில்லை.

மூன்றாவது அலையில், கன்னியப்பன் சொன்னபடியே படகு கவிழ்ந்தது. நாங்கள் அப்போது கரைப்பக்கம் ஆழம் குறைந்த தண்ணீரில் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றிருந்தோம். தட்டுத்தடுமாறிக் கரையேறி மணலில் உட்கார்ந்தோம். கன்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, என்னைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். இன்ஜினியர் கவிழ்ந்து கிடந்த தன் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மேஸ்திரி, அந்த ஒரு அடி நெசமாலுமே காத்தோட்டத்துக்குத்தானுங்களா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "இல்ல சார். ஏழடி தரித்திரம். உங்களுக்கு ஆகாதுன்னு எட்டடி போட்டேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

அவர் சிரிக்கவில்லை. மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க அப்பாரு மாட்டுக்கொட்டாயக்கூட ஏழடிக்குப் போட உடமாட்டாருங்க. நானும் ராடு கைக்கு வந்த அன்னைக்கே நெனச்சேன், ஏழா இருக்குதேன்னு. உங்ககிட்ட சொன்னா, படிச்ச மனுசன் இதெல்லாம் பாக்கறானேன்னு நெனைப்பீங்கன்னுதான் வாயத் தொறக்கல. ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா மச்சினங்கிட்டக் குடுத்து எட்டடி ராடாவே மாத்தியிருப்பனே."

கன்னியப்பன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா கீதுப்பா நாயம். தரித்திரம் வரக்கூடாதுன்னு படகயே கடலுக்குக் குடுத்துட்டு ஒக்காந்துகினு கீறீங்க" என்று சொல்லிவிட்டு, மிதந்து வரும் சாமான்களைப் பொறுக்க எழுந்து போனார்.

சொன்ன அளவை மாற்றவே கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். கடல் வேலையில் மாற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். மாற்றினால் என்ன காரணத்துக்காக மாற்றினீர்கள் என்பதைப் படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் மடத்தனமாக இருந்தால் அவர் சிரிப்பார், நீங்கள் அசடு வழிவீர்கள், அத்தோடு போயிற்று. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். அதற்காக ஒரு நல்ல மனிதர் இருட்டுக் கேபினுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்.